எதிர்பாராத அடைப்புக்குறி

“அந்த அடைப்புக்குறிய உள்ள விட்டது யாருன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்.”

கோட்ட அலுவலர் ஈஸ்வரன் மேஜையைத் தட்டியது கீழே பூட்டுக்கடை வரைக்கும் கேட்டது. அன்றைக்கு அது மூன்றாவது தட்டு.

“யாரும் விடல சார். அது உள்ளயேதான் இருந்துச்சு,” என்றாள் தமிழ்மதி. அவள் குரலும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது. நாலு நாளாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தால் யாருக்கும் ஏறும்.

“உள்ளயே இருந்ததப் பாத்து மெஷினு எதுக்கு எதிர்பாராததுங்குது? தங்கமுத்து சாரு இருபத்தெட்டு வருசமா இதே சீட்டுல இருக்காரு. அவரப் பாத்து எதிர்பாராத தங்கமுத்துன்னு யாராச்சும் சொல்றமா?”

தன் பெயர் அடிபட்டதும் கண்காணிப்பாளர் தங்கமுத்து எழுந்து நின்றார். பிறகு, குற்றம் சொல்லவில்லை, உதாரணத்துக்குத்தான் இழுக்கிறார்கள் என்று தெரிந்து உட்கார்ந்துகொண்டார்.

“சார், அந்த ஃபைல ஒரே ஒரு தடவ தெறந்து பாக்க விடுங்க. அஞ்சு நிமிசத்துல சொல்லிர்றேன்.”

“குத்தஞ்சாட்டப்பட்டவங்க கையில சாட்சியத்தக் குடுக்கச் சொல்றியாம்மா?”

“என்னைக்கு சார் குத்தஞ்சாட்டுனீங்க?”

“இன்னைக்குச் சாயந்திரம்,” என்றார் ஈஸ்வரன். “டைப் ஆயிக்கிட்டிருக்கு.”

அன்று வியாழக்கிழமை. அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்குத் தமிழ்மதி கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலைக்குச் சேர வேண்டும். வரும்போது பழைய இடத்தின் பணிவிடுவிப்பு ஆணை கையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அடுத்து இருப்பவரைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று அவர்கள் மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தைத் தமிழ்மதி கைப்பையில் நாலாக மடித்து வைத்திருந்தாள். மடித்த இடம் கிழியத் தொடங்கியிருந்தது.

வரத்துப் பதிவு வாரியம் என்று ஒன்று இருப்பது திண்டுக்கல்லில் பலருக்குத் தெரியாது. தெரியாததால் யாரும் எதையும் இழந்துவிடவில்லை. செம்பட்டிப் பக்கத்திலிருந்து சந்தைக்கு முருங்கைக்காய் வந்தால், முருங்கைக்காய் வந்தது என்று எழுதி வைப்பது வாரியத்தின் வேலை. எழுதி, சரிபார்த்து, மேலொப்பம் பெறுவதற்குள் அந்த முருங்கைக்காய் சாம்பாராகி, சாப்பிட்டவர்கள் அதை மறந்தும் இருப்பார்கள். வாரியம் மறக்காது. பூட்டுக்கடைக்கு மேலே முதல் மாடியில், நாலு அறையில், பதினோரு பீரோவில் அது எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருந்தது.

அங்கே தமிழ்மதி நாலு வருடமாக ஒப்பந்தக் கணினி இயக்குநர். தினமும் சின்னாளப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். கிளம்புகிறேன் என்று அவள் எழுதிக் கொடுத்ததை எல்லோரும் நல்லபடியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு சிக்கல். பணிவிடுவிப்பு ஆணையைக் கையால் எழுதக் கூடாது, தட்டச்சும் செய்யக் கூடாது. வாரியத்தின் பணியாளர் மென்பொருளிலிருந்துதான் அது அச்சாகி வர வேண்டும். அந்த மென்பொருள் குடியிருந்த பழைய கணினிக்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமைதான் பிரிவு உபசார விழா நடத்தியிருந்தார்கள். திரைக்குச் சால்வை போர்த்தி, “தன் பணிக்காலத்தில் ஒருமுறைகூட விடுப்பு எடுக்காதவர்” என்று ஈஸ்வரன் பேசி, அணைத்துவிட்டார்கள். விழா நடத்தி அனுப்பிய ஒன்றைத் திரும்ப வேலைக்கு எடுக்க விதியில் இடமில்லை. சால்வையோடு அது மூலையில் இருந்தது.

புதிய கணினிக்குப் புதிய ஏற்பாடு. எல்லாக் கோட்டங்களும் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற வேண்டும் என்று சென்னைத் தலைமையகம் சொல்லிவிட்டது. அரக்கு முத்திரை வைத்த உறையில் ஒரு பென் டிரைவ் வந்து சேர்ந்தது. அதற்குச் சந்தனம் வைத்ததில் கொஞ்சம் வாய்ப்பகுதிக்குள் போய்விட, தமிழ்மதி துப்பட்டா நுனியால் துடைத்தெடுத்தாள்.

திங்கட்கிழமை காலை லினக்ஸ் தன் பாட்டுக்கு இருபது நிமிடத்தில் ஏறிவிட்டது. அதற்கு யாருடைய கையெழுத்தும் தேவைப்படவில்லை என்பது ஈஸ்வரனுக்கு உறுத்தலாகவே இருந்தது. அதன் மேல் வாரியத்தின் மென்பொருளை ஏற்ற வேண்டும். அதற்கென்று தலைமையகத்தில் ஒரு கட்டளைக் கோப்பு எழுதியிருந்தார்கள். இருநூறு வரி, ஓடவிட்டால் வரிவரியாகப் படித்து எல்லாவற்றையும் தானே நிறுவிக்கொள்ளும். ஷெல் ஸ்கிரிப்ட் என்பார்கள். தங்கமுத்து அதைப் பதிவேட்டில் ‘செல்லு ஸ்கிரிப்டு, எண்ணிக்கை ஒன்று’ என்று ஏற்றினார். பெயரைப் பார்த்த எழுத்தர் ஒருவர் அதைத் தொலைபேசிக் கோப்பில் சேர்த்தார்.

பத்தரைக்கு நல்ல நேரம் தொடங்கியது. தமிழ்மதி கட்டளையைத் தட்டினாள். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வந்து நின்றன. மேல் வரியில் ஒரு சின்னக் கட்டம். அந்தக் கட்டத்தைக் காணவில்லை என்று ஒரு குறிப்பு. அந்தத் திரைக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும், தெரியாததையெல்லாம் கட்டமாகப் போட்டுவிடும். கீழ் வரியில், பதினாலாம் வரியில் சின்டாக்ஸ் எர்ரர், எதிர்பாராத அடைப்புக்குறி என்று இருந்தது.

“கட்டம் கெடக்கட்டும். கீழ உள்ளது என்ன? சின்டாக்ஸுன்னா?” என்றார் ஈஸ்வரன்.

அகராதி கொண்டுவரப்பட்டது. இலக்கணப் பிழை என்று போட்டிருந்தது. ஈஸ்வரன் அதைச் சிவப்பு மையில் குறித்துக்கொண்டார்.

“தெறந்து பாத்துர்றேன் சார்,” என்று தமிழ்மதி கையை நீட்டியபோதுதான் முதல் தடை வந்தது. முத்திரை வைத்து வந்த ஆவணத்தைக் கோட்ட அளவில் ஓட்டலாம், திறந்து பார்க்கக் கூடாது. அதுவும் நாளொன்றுக்கு ஒரு முறைதான் ஓட்டலாம், நல்ல நேரத்தில். மற்ற நேரமெல்லாம் பென் டிரைவ் தங்கமுத்துவின் பொறுப்பில், அவருடைய பீரோவில் இருக்கும். வேறு பிரதி வரவழைக்க இணையம் வேண்டும். புதிய கணினிக்கு இணையம் வர வேண்டுமென்றால் அந்தக் கோப்பு ஓட வேண்டும்.

தலைமையகத்தில் இதற்கென்று முகேஷ்குமார் என்று ஒருவர் இருந்தார். தொலைபேசியில் மட்டும் இருந்தார்.

“எங்ககிட்ட ஓடுதே மேடம்,” என்றார்.

“இங்க ஓடலங்க.”

“ஆனா எங்ககிட்ட ஓடுதே.”

இந்த உரையாடல் தினமும் ஒரு முறை நடந்தது. ஒரு நாள்கூட ஒரு சொல் மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு மறுபடி ஓட்டினார்கள். அதே பிழை, ஆனால் பதினஞ்சாம் வரியில்.

ஈஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நேத்து பதினாலு. இன்னைக்குப் பதினஞ்சு. நகருது.”

“நகராது சார். மேல ஏதோ ஒரு வரி கூடியிருக்கும்.”

“பூட்டுன பீரோவுக்குள்ள வரி எப்படிம்மா கூடும்? ஆனா நகரலாம். நம்ம ஆபீஸ்ல பூட்டுன பீரோவுக்குள்ளருந்து ஃபைலே நகந்திருக்கு.”

தங்கமுத்து தன் பீரோவின் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

இலக்கணப் பிழை என்று சிவப்பு மையில் எழுதியாகிவிட்டதால், புதன்கிழமை வாரியத்தின் மொழிப்பிரிவிலிருந்து புலவர் மதியழகன் வரவழைக்கப்பட்டார். அவர் பார்ப்பதற்காகத் தலைமையகத்திலிருந்து சான்றொப்பமிட்ட அச்சுப் பிரதியும் பஸ் பார்சலில் வந்திருந்தது. புலவர் காபி குடித்துவிட்டு, இருநூறு வரியையும் ராகமாக ஒரு முறை, ராகமில்லாமல் ஒரு முறை வாசித்தார். ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இங்க பாருங்கய்யா. if என்று தொடங்கியதை fi என்று முடிச்சிருக்கான். மாலைமாற்று. முன்னால இருந்து வாசிச்சாலும் பின்னால இருந்து வாசிச்சாலும் சுவை குன்றல. எழுதினவன் மரபு தெரிஞ்சவன்.”

“பிழை இருக்கா?” என்றார் ஈஸ்வரன்.

“பொருட்பிழை இல்ல, சொற்பிழை இல்ல. ஆனா இருநூறு வரியில ஓரிடத்துலகூட ஒற்று மிகல. அத நான் குறையாச் சொல்லல, வருத்தமாச் சொல்றேன்.”

வருத்தத்தைச் சான்றிதழாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு அவர் பழனி பஸ்ஸைப் பிடித்தார். அன்றைக்குப் பிழை பதினாறாம் வரியில் இருந்தது.

வியாழக்கிழமைதான் ஈஸ்வரன் அந்த அச்சுப் பிரதியின் பதினாலாம் வரியைப் பார்த்தார். அது வெறும் வரி; ஒன்றுமே எழுதப்படாமல் வெள்ளையாக இருந்தது. சென்னையில் காலியாக இருக்கிற வரியில் திண்டுக்கல்லில் மட்டும் அடைப்புக்குறி எப்படி வரும்? மேஜை மூன்று முறை தட்டப்பட்டது அதனால்தான். சொன்ன சொல் தவறாமல் சாயந்திரம் குறிப்பாணையும் வந்தது.

‘தலைமையகப் பிரதியில் காலியாக உள்ள பதினாலாம் வரியில், எவ்வித முன் அனுமதியுமின்றி ஓர் அடைப்புக்குறியை எதிர்பாராத வகையில் தோன்றச் செய்தும், அதனைத் திறந்த நிலையில் விட்டும், அது நாளொன்றுக்கு ஒரு வரி வீதம் தப்பிச் செல்ல உடந்தையாக இருந்தும் உள்ள செல்வி தமிழ்மதி, ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கக் கோரப்படுகிறார். விளக்கம் ஏற்கப்படும் வரை அவரைப் பணியிலிருந்து விடுவிக்க இயலாது.’

ஏழு நாள் என்றால் அடுத்த வியாழன். கோயம்புத்தூர்க்காரர்கள் புதன் வரைதான் காத்திருப்பார்கள்.

குறிப்பாணையோடு அச்சுப் பிரதியின் முதல் பக்கத்தையும் இணைத்திருந்தார்கள். தமிழ்மதி அப்போதுதான் அதைக் கண்ணால் பார்த்தாள். பதினாலாம் வரி காலிதான். அதற்கு மேலே பதிமூன்றாம் வரியில், வாரியத்தின் கோட்டங்களின் பெயர்களெல்லாம் ஓர் அடைப்புக்குறிக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மூன்றாவது பெயர் திண்டுக்கல்.

“சார், இந்தா இருக்கு. பதிமூணாவது வரியில. இதத்தான் அது சொல்லுது.”

ஈஸ்வரன் அந்தப் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை. “விசாரணை வரம்பு பதினாலாம் வரி. பதிமூணு நம்ம வரம்புல வரல. வரம்பு மீறிப் பாத்தேன்னு நாளைக்கு என்மேல ஒரு மெமோ வரணுமாம்மா?”

தமிழ்மதி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சென்னையில் பதிமூன்று. திங்கள் பதினாலு, செவ்வாய் பதினஞ்சு, புதன் பதினாறு, இன்று பதினேழு. தினமும் ஒரு வரி தலையில் கூடுகிறது. கறுப்புத் திரையின் மேல் பக்கம் முதல் நாள் ஒரு கட்டம் இருந்தது, இன்றைக்கு நாலு. யாரோ காலையில் வந்து ஒவ்வொன்றாக வைக்கிறார்கள். பீரோவின் சாவி தங்கமுத்து சாரின் இடுப்பில். அவரோ விடுமுறை விண்ணப்பத்தைக்கூட மகளிடம் கொடுத்துத் தட்டச்சு செய்யச் சொல்கிறவர். இதற்கு மேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. ஐந்தே காலுக்குப் பஸ்.

வெள்ளிக்கிழமை பதினெட்டாம் வரி. அன்றைக்கு ஈஸ்வரனுக்கு ஒரு வழி பிறந்தது. எல்லோரையும் அறைக்கு வரவழைத்து நிற்க வைத்துப் பேசினார்.

“நான் முழுசா யோசிச்சுப் பாத்தேன். மெஷினு என்ன சொல்லுது? அடைப்புக்குறி தப்புங்கல. எதிர்பாராததுங்குது. அப்ப கொற எங்க இருக்கு? நம்ம எதிர்பாக்காததுல இருக்கு. நான் சர்வீஸ்ல முப்பத்தொரு வருசம். நான் பாத்த வரைக்கும், நடந்து முடிஞ்ச எதையும் நடக்கும்னு எதிர்பாத்ததா ஆணை போட்டுட்டா அதுக்கப்புறம் ஒரு பிரச்சனையும் வந்ததில்ல. மழையில நம்ம ரெக்கார்டு ரூம் நனஞ்சப்ப என்ன செஞ்சேன்? நனைய வேண்டிய ரெக்கார்டுகள்னு ஒரு பட்டியல் போட்டேன். இன்னைக்கு வரைக்கும் யாரும் ஒரு கேள்வி கேக்கல.”

ஆணை பிற்பகலில் வெளிவந்தது. ‘பதினான்கு முதல் நூறு வரையிலான எந்த வரியில் தோன்றும் அடைப்புக்குறியும், கடந்த திங்கட்கிழமை முதல் முன்தேதியிட்டு, இவ்வலுவலகத்தால் எதிர்பார்க்கப்பட்டதாகவே கருதப்படும்.’ கையெழுத்தும் முத்திரையும் பதித்து, கணினித் திரையின் ஓரத்தில், எழுத்து திரையைப் பார்த்தபடி இருக்குமாறு பசை போட்டு ஒட்டினார்கள்.

திங்கட்கிழமை பத்தொன்பதாம் வரி.

“ஆணை போய்ச் சேர அவகாசம் குடுக்கணும்,” என்றார் ஈஸ்வரன்.

அன்று மதியம் பின்னறையில் தமிழ்மதியும் செபாஸ்தியம்மாளும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள். செபாஸ்தியம்மாள் அலுவலக உதவியாளர். காலை எட்டரைக்கு வந்து கதவு திறந்து கூட்டித் தண்ணீர் பிடித்து வைப்பவர். இந்த அலுவலகத்தில் யார் எப்போது வந்தார், என்ன சாப்பிட்டார், வீட்டில் யாரோடு பேச்சில்லை என்பதெல்லாம் வாரியத்தின் பதினோரு பீரோவைவிட அவரிடம் ஒழுங்காக இருக்கும்.

“என்னடி, சோத்தக் கோலம் போட்டுக்கிட்டுருக்க? வெஞ்சனம் வேணுமா? முருங்கைக்கீரை.”

“வேணாங்க்கா. நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. அப்புறம் கோயமுத்தூர் கதை முடிஞ்சுச்சு.”

“பாவம்டி நீ. அவரும் பாவந்தான். உனக்கு எப்படியாச்சும் ஓடிறணும்னு காலையில எம்புட்டு நேரம் கும்புடுறாரு தெரியுமா?”

“யாரு?”

“தங்கமுத்து சாருதான். ஒம்பது மணிக்கே வந்துருவாரு. அந்தக் குச்சிய எடுத்துத் தன் கம்ப்யூட்டர்ல சொருகி, ஒரு சுழி போட்டு, கண்ண மூடி ஏதோ முனங்கிட்டு, அப்புறந்தான் எடுத்துத் துடைச்சு வைப்பாரு. நோட்டுன்னாலும் அப்படித்தான, புதுப் பக்கம் தெறந்தா சுழி போடாம பேனாவ வைக்க மாட்டாரு.”

தமிழ்மதி கையிலிருந்த உருண்டையை டப்பாவில் திரும்ப வைத்தாள்.

“எத்தன சுழிக்கா?”

“ஒரு நாளைக்கு ஒண்ணுதான். அன்னன்னைக்கு வேலைக்கு அன்னன்னைக்குச் சுழி.”

அன்று மதியம் தங்கமுத்து மகள் விஷயமாக ஒரு ஜாதகம் பார்க்கப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கே தமிழ்மதி வந்து அவர் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒன்பதுக்கு வந்தவர் அவளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார், பீரோவைத் திறந்தார், பென் டிரைவைத் தன் கணினியில் செருகி, கோப்பைத் திறந்தார். சுழி போடத் திறப்பது திறந்து பார்ப்பதில் சேராது என்பது அவர் கணக்கு. தமிழ் விசைப்பலகையில் அவருக்குத் தெரிந்த எழுத்து ஒன்றே ஒன்று. அதைத் தேடாமல் அழுத்தினார். கோப்பின் உச்சியில் ஏழாவது பிள்ளையார் சுழி வந்து உட்கார்ந்தது. அதற்குக் கீழே ஆறு, ஒன்றன் கீழ் ஒன்றாக. அதற்கும் கீழேதான் தலைமையகத்தின் முதல் வரி.

உ
உ
உ
உ
உ
உ
உ

“சார்,” என்றாள் தமிழ்மதி. “கோச்சுக்கிறாதீங்க. இதுதான் சார் பிழை.”

தங்கமுத்து திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “பிள்ளையாரையா சொல்ற?”

“அவரச் சொல்லல சார். அவரு உக்காந்துருக்குற எடத்தச் சொல்றேன்.”

தொழில்நுட்பமாகச் சொன்னால் அவருக்குப் புரியாது. வாரியத்தின் மொழியில் சொன்னால் புரியும் என்று நாலு வருட அனுபவத்தில் அவளுக்குத் தெரியும்.

“ஒரு தபால் வருதுன்னு வைங்க. மேல, எந்தப் பிரிவு படிக்கணும்னு எழுதியிருக்கும்ல? இந்தா, சுழிக்குக் கீழ இருக்குற இந்த வரிதான் அது. ‘கணினிப் பிரிவு பார்க்க’ன்னு சென்னையில எழுதிவிட்டுருக்காங்க. ஆனா அது முதல் வரியில இருந்தாத்தான் செல்லும். மேல வேற எதாச்சும் இருந்தா முகவரியே இல்லன்னு நெனச்சு, தபாலப் பொதுப் பிரிவுக்கு அனுப்பிருது. பொதுப் பிரிவுல இருக்குற ஆளு பழைய ஆளு. அவருக்கு இந்த மாதிரி அடைப்புக்குறியப் பழக்கமில்ல. அதான் எதிர்பாராததுங்குறாரு.”

தபால் தவறான பிரிவுக்குப் போனால் என்ன ஆகும் என்பது இருபத்தெட்டு வருடமாகத் தங்கமுத்து அறிந்தது.

“அப்ப அந்த மெமோ,” என்றார் மெதுவாக, “எனக்குல்ல வரணும்?”

அவர் கை சட்டைப்பையைத் தொட்டது. உள்ளே நேற்றைய ஜாதகம் இருந்தது. அவர் மகள் கௌசல்யாவுக்கு ஆயக்குடியில் ஓர் இடம் கூடி வந்திருந்தது. பெண்ணின் அப்பா மேல் விசாரணை என்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்ன விசாரணை என்று விசாரிப்பார்கள். பிள்ளையார் சுழி போட்டதற்கு என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

“யாருக்கும் வர வேண்டாம் சார். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. இத மட்டும் கீழ எறக்கிருவோம்.”

“பிள்ளையார ரெண்டாவது வரிக்கு எறக்கச் சொல்றியா? என் கையால நான் செய்ய மாட்டேன் பாப்பா. நீயும் செய்யக் கூடாது.”

மணி ஒன்பது நாற்பது. கோயம்புத்தூருக்கு ஒரே ஒரு நாள். தமிழ்மதி முதல் வரியாக இருக்க வேண்டிய வரியைப் பார்த்தாள். அது இப்படித் தொடங்கியது: #!

“சார், இது என்னன்னு பாருங்க.”

“என்ன?”

“இது கோலம்,” என்றாள், முதல் குறியைத் தொட்டு. “குறுக்க ரெண்டு கம்பி, நெடுக்க ரெண்டு கம்பி. பக்கத்துல நிக்கிறது ஊதுபத்தி. கீழ பொட்டு மாதிரி இருக்குல்ல, அது ஊதுபத்தி ஸ்டாண்டு.”

தங்கமுத்து கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்.

“வாசல்ல கோலம் போட்டு, ஊதுபத்தி ஏத்தி வச்சுட்டுத்தான சார் சாமிகிட்டப் போவோம்? நீங்க என்ன செஞ்சுட்டீங்க, கோலத்துக்கு வெளியே, தெருவுல உக்கார வச்சுட்டீங்க. ஏழு பேரும் ஒரு வாரமா தெருவுலயே இருக்காங்க.”

தங்கமுத்துவின் முகம் மாறியது. அவர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மறுபடி உட்கார்ந்தார்.

“உள்ள கூட்டிட்டு வரணும்னா?”

“ரெண்டாவது வரியிலருந்து வைக்கலாம். ஆனா ஒவ்வொருத்தருக்கு முன்னாலயும் சின்னதா ஒரு கோலம் போட்டுறணும். அப்பத்தான் மெஷினு அவங்கள வேலைக்குக் கூப்புடாது. சும்மா உக்காந்துருக்கட்டும்னு விட்டுரும்.”

“ஏழு பேருக்கும் தனித்தனிக் கோலமா?”

“தனித்தனி சார்.”

குற்றம் சாட்டப்பட்டவள் சாட்சியத்தைத் தொடக் கூடாது என்பதால் அவள் கையைக் கட்டிக்கொண்டு விசை எது என்று மட்டும் சொன்னாள். தங்கமுத்து கோலமும் ஊதுபத்தியும் இருந்த வரியை உச்சிக்கு ஏற்றிவிட்டு, ஒற்றை விரலால் ஏழு கோலம் போட்டார். முதல் கோலத்துக்கு நாலு நிமிடம் ஆனது, கடைசிக் கோலத்துக்கு நாலு நொடி. இருபத்தெட்டு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட இரண்டாவது விசை அது.

பத்தரைக்கு எல்லோரும் கூடினார்கள். தமிழ்மதி கட்டளையைத் தட்டினாள். கட்டம் வரவில்லை. எர்ரர் வரவில்லை. கறுப்புத் திரையில் எழுத்துகள் மேலிருந்து கீழாக ஓடத் தொடங்கின, ஓடிக்கொண்டே இருந்தன. அந்த அலுவலகத்தில் எதுவும் அத்தனை வேகமாக நகர்ந்து அவர்கள் பார்த்ததில்லை. செபாஸ்தியம்மாள் மட்டும் தங்கமுத்துவை ஒரு பார்வை, தமிழ்மதியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தேநீர் வாங்கக் கீழே போனார்.

ஈஸ்வரன் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த தன் ஆணையைத் தடவிக் கொடுத்தார்.

“நாலு நாள். வெள்ளிக்கிழமை போட்ட ஆணை செவ்வாய்க்கிழமை வேலை செய்யுது. அரசாங்கம் மெதுவா நடக்குதுன்னு சொல்றாங்கள்ல, அவங்கள இத வந்து பாக்கச் சொல்லுங்க. இதத் தலைமையகத்துக்கு எழுதப் போறேன். எல்லாக் கோட்டத்துலயும் எதிர்பாராததையெல்லாம் எதிர்பாத்துட்டா பிழைங்கிற சொல்லே இருக்காது.”

“சார், என்னோட பணிவிடுவிப்பு ஆணை,” என்றாள் தமிழ்மதி.

“உம்மேல மெமோ இருக்கேம்மா. விளக்கம் குடுக்காம எப்படி விடுவிக்க?”

தமிழ்மதி இதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். ராத்திரி தூங்காமல் யோசித்த கண் அது.

“விளக்கம் எதுக்கு சார்? எதிர்பாராத அடைப்புக்குறிக்குத்தான மெமோ. நீங்கதான் போன திங்கக்கிழமையிலருந்தே அத எதிர்பாத்ததா ஆணை போட்டுட்டீங்களே. உங்க ஆணை செல்லும்னா எதிர்பாராத அடைப்புக்குறின்னு ஒண்ணு நடக்கவே இல்ல. நடக்காததுக்கு மெமோ நின்னா, உங்க ஆணை செல்லாதுன்னு ஆகிறாதா?”

ஈஸ்வரன் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். தன் ஆணை செல்லாது என்று ஒரு வாக்கியத்தை அவர் மனதுக்குள்கூட முழுசாகச் சொல்லிப் பார்க்க முடியவில்லை.

“தங்கமுத்து, அந்த மெமோவக் கொண்டாங்க.”

தங்கமுத்து அவ்வளவு வேகமாக எழுந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

மாலை நாலே முக்காலுக்குப் புதிய மென்பொருளிலிருந்து முதல் தாள் அச்சாகி வந்தது. மேலே வாரியத்தின் சின்னம், அதன் கீழே ‘பணிவிடுவிப்பு ஆணை’, அதன் கீழே ‘செல்வி தமிழ்மதி (ஒப்பந்தம்)’. ஈஸ்வரன் பேனாவை எடுத்தவர், கையெழுத்துப் போடுமுன் அந்த இடத்தை விரலால் காட்டினார்.

“பாத்தீங்களா, அடைப்புக்குறி. எங்க எதிர்பாத்தமோ அங்க கரெக்டா வந்துருக்கு. தெறந்ததும் இருக்கு, மூடுனதும் இருக்கு.”

தமிழ்மதி தாளை வாங்கிக் கடிதத்தோடு சேர்த்து மடித்தாள். ஐந்தே கால் பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருந்தது. ஆனாலும் அவள் படியில் ஓடித்தான் இறங்கினாள்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவைதான். ஈஸ்வரன் சென்னைக்குப் பதவி உயர்வில் போனார். தலைமையகத்தில் அவருக்கென்று முன்னெதிர்பார்ப்புப் பிரிவு என்று ஒன்று தொடங்கினார்கள். எழுத்தர் நாலு பேர், ஜீப் ஒன்று. புலவர் மதியழகன் ஷெல் ஸ்கிரிப்டில் மாலைமாற்று என்று ஒரு கட்டுரை எழுதிக் கருத்தரங்கில் வாசித்தார். செபாஸ்தியம்மாள் ஓய்வு பெற்று மகள் ஜெஸ்ஸியோடு மதுரைக்குப் போய்விட்டார். போனாலும் வாரியத்தில் நடப்பது அவருக்குத்தான் முதலில் தெரியும். தமிழ்மதி அந்த முகேஷ்குமாரைக் கட்டிக்கொண்டாள் என்று சின்னாளப்பட்டியில் சிலர் சொல்வது பொய். முகேஷ்குமார் தலைமையகத்திலேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். வீட்டில் என்ன பழுதானாலும் எங்ககிட்ட ஓடுதே என்கிறாராம். தமிழ்மதி கோயம்புத்தூரிலேயே இருக்கிறாள். அவளாக ஒருவரைப் பார்த்து வைத்திருக்கிறாள் என்று கேள்வி, உறுதியாகத் தெரியவில்லை.

கௌசல்யாவின் கல்யாணம் அடுத்த தையில் ஆயக்குடியில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டில் கொய்யாத் தோப்பு, நல்ல மாதிரியான ஆட்கள். கோயம்புத்தூருக்குத் தபாலில் வந்த பத்திரிகையைத் தமிழ்மதி வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரித்தாள். மஞ்சள் தடவிய நாலு மூலை. உச்சியில் வழக்கமாகச் சுழி இருக்கும் இடத்தில் இரண்டு குறிகள், நல்ல தடித்த எழுத்தில்:

#!

அதற்குக் கீழே, இரண்டாவது வரியில், தனக்கென்று ஒரு சின்னக் கோலத்தோடு:

# உ

அச்சகத்துக்காரர் இது என்ன என்று மூன்று முறை கேட்டாராம். தங்கமுத்து சொல்ல மறுத்துவிட்டாராம். சரியாக அச்சடித்திருக்கிறதா என்று ஒவ்வொரு பத்திரிகையாகத் தானே உட்கார்ந்து பார்த்து, ஐந்நூறையும் அனுப்பி வைத்தாராம்.